மூடிக்கு அடியில் ஒரு கொக்கி

சங்கரன்கோவிலில் யாராவது என்னிடம், "நீங்க என்ன வேலை பாத்திய?" என்று கேட்டால், செடி வரைந்தேன் என்று சொல்வேன். "டிராயிங் டீச்சரா?" என்பார்கள். இல்லை என்பேன். "அப்ப, சேலைக்கு டிசைன் போடுத வேலையா?" அதுவும் இல்லை. கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டு, "கவர்மென்ட் வேலைதான?" என்பார்கள். ஆமாம் என்றதும் அவர்களுக்கு நிம்மதி வந்துவிடும்.

முப்பத்தொரு வருடம் ஓர் அரசு தாவர ஆய்வு அலுவலகத்தில் படம் வரைபவளாக இருந்தேன். அலுவலகத்தின் பெயரையும் ஊரையும் எழுதப்போவதில்லை. நான் சொல்ல வந்தது நான் செய்த ஒரு தப்பைப் பற்றி. அதை அந்தக் கட்டடத்தின் மேல் சுமத்த எனக்கு மனமில்லை. மேற்கே, மொட்டை மாடியில் நின்றால் மலை தெரிகிற ஒரு நகரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதை எழுதச் சொன்னவர்கள் அங்கே இப்போது வேலை பார்க்கும் இளையவர்கள். நான் ஓய்வு பெற்றபின் என் இடத்துக்கு ஆள் போடவில்லை. என் மேசை கிடந்த மூலையில் ஒரு கேமராவைக் கம்பத்தில் தலைகீழாக மாட்டியிருக்கிறார்கள். அது ஒரு பூவை மேலிருந்து கீழ்வரை பல தடவை படம் பிடித்து, தெளிவாக விழுந்த பகுதிகளை மட்டும் சேர்த்து ஒரே படமாக்கிவிடும். "நீங்க இருந்தப்ப எப்படி செஞ்சீங்கன்னு எழுதிக் குடுங்க" என்றார்கள். நான் கேமராவைத் திட்டி எழுதுவேன் என்று நினைத்திருப்பார்கள் போல. எனக்கு அதன்மேல் ஒரு வருத்தமும் இல்லை. அது எனக்குச் செய்தது உதவிதான்.

வேலை கற்ற கதை சின்னது. தாவரவியல் படித்திருந்தேன், கையில் கொஞ்சம் ஓவியம் இருந்தது, தேர்வு எழுதினேன், கிடைத்தது. முதல் இரண்டு வருடம் புள்ளி வைத்தேன். செடிப் படத்தில் நிழலைத் தீட்டக் கூடாது. மெல்லிய பேனாவால் புள்ளி புள்ளியாக வைத்து நிழலை வரவழைக்க வேண்டும். வெளிச்சம் எப்போதும் இடப்பக்க மேல் மூலையிலிருந்துதான் விழ வேண்டும். எந்த நாட்டில் வரைந்த படத்தை எடுத்துப் பார்த்தாலும் சூரியன் அந்த மூலையில்தான் நிற்கும். அந்தப் படங்களுக்குள் சாயங்காலம் வருவதே இல்லை என்று எனக்குத் தோன்றும்.

நான் வரைந்த செடிகள் எல்லாம் காய்ந்தவை. காட்டிலிருந்து கொண்டுவந்து, காகிதத்துக்கு நடுவே அழுத்தி உலர்த்தி, கெட்டித் தாளில் ஒட்டி, இரும்பு அலமாரிகளில் அடுக்கியிருப்பார்கள். அறை முழுக்க அந்துருண்டை வாசம். ஒரு தாளை எடுத்தால் இரண்டு கையாலும் தட்டுப்போல ஏந்த வேண்டும். புத்தகப் பக்கம்போல அதைப் புரட்டக் கூடாது. உதிர்ந்த துண்டுகளைத் தாளின் ஓரத்தில் ஒரு சின்னக் காகித உறைக்குள் போட்டு வைத்திருப்பார்கள். நூறு வருடத்துக்கு முந்தைய பூ ஒன்று அந்த உறைக்குள் மிளகாய் விதைபோலக் கிடக்கும்.

எனக்கு மிகவும் பிடித்த கருவி, நுண்ணோக்கியின் பக்கவாட்டில் பொருத்தும் கண்ணாடிக் குழாய். அதன் வழியே பார்த்தால் செடியும் என் கையும் ஒரே சமயத்தில் தெரியும். பென்சில் முனை செடியின் மேலேயே நகரும். நாம் வெளிக்கோட்டின் மேல் நடந்து போனால் போதும். ஒரு மணி நேரம் அப்படிப் பார்த்தால் மேசை மறைந்துவிடும், அறை மறைந்துவிடும். ஒரு இலையின் ரோமக் காட்டுக்குள் என் கை மட்டும் தனியாக நடந்து போய்க்கொண்டிருக்கும். யாராவது கூப்பிட்டால் திரும்பி வருவதற்குச் சற்று நேரம் பிடிக்கும்.

அப்படித் திரும்ப வைப்பவர் பெரும்பாலும் சொர்ணம் மேடம். எங்கள் பிரிவின் தலைவர். வாசுதேவநல்லூர்க்காரர், குளத்துப் பாசன வயல்கள் உள்ள குடும்பம். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அலுவலகத்தில் எல்லோரிடமும் புத்தகத்தில் உள்ளபடி பேசுவார். கோபம் வந்தால் மட்டும் ஊர்ப் பேச்சு வந்துவிடும். சேர்ந்த புதிதில் ஒருநாள் என்னைத் திட்டினார். நானும் பதற்றத்தில் ஊர்ப் பேச்சிலேயே பதில் சொல்லிவிட்டேன். "நீ எந்த ஊரு?" என்றார். சொன்னேன். அதிலிருந்து பக்கத்தில் யாரும் இல்லாதபோது நான் அவருக்கு "ஏட்டி ஆவுடை."

அவர் படத்தைச் சரிபார்ப்பது ஒரு சடங்குபோல இருக்கும். வந்ததும் படத்தைப் பார்க்க மாட்டார். முதலில் தாளில் ஒட்டிய செடியைப் பார்ப்பார். நிதானமாக, இலை இலையாகப் பார்ப்பார். நான் பக்கத்தில் நிற்பதையே மறந்துவிட்டாரோ என்று தோன்றும். அப்புறம்தான் என் படம். சுண்டுவிரலைப் படத்தின் மேல் படாமல் நகர்த்திக்கொண்டே போய், ஓரிடத்தில் நிறுத்துவார்.

"இது நீ பாத்ததா, நெனைச்சதா?"

அவர் கேட்கும் கேள்வி இது ஒன்றுதான். இலையில் ஐந்து நரம்பு தெரியும். ஆறாவது இருக்க வேண்டிய இடம் பூச்சி அரித்திருக்கும். கை தானாக ஆறாவதைப் போட்டுவிடும். அது நினைத்தது. அதைப் புள்ளிக்கோடாகத்தான் போட வேண்டும். சரி என்றால் படத்தின் பின்பக்கம் பென்சிலால் சின்னதாக "சொ" என்று எழுதுவார். நன்றாக இருக்கிறது என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை.

நான் சேர்ந்து ஏழு வருடம் ஆனபோது ஒரு பெரிய புத்தகம் போட்டோம். எங்கள் அலமாரிகளில் இருந்த வெளிநாட்டுச் செடிகளின் தொகுப்பு அது. ஒரு காலத்தில் மற்ற நாடுகளிலிருந்து பரிமாற்றமாக வந்து, யாரும் திறக்காமல் கிடந்தவை. அதில் குடுவைச் செடிகள் ஒரு கட்டு.

குடுவைச் செடியைப் பார்த்திராதவர்களுக்குச் சொல்கிறேன். இலையின் நுனியிலிருந்து ஒரு கொடி இறங்கும். அந்தக் கொடியின் முனை வீங்கிக் குடுவையாகும். வாய்க்கு வழுவழுப்பான உதடு, மேலே ஒரு மூடி. மூடியின் அடிப்பக்கம் தேன் கசியும். தேனுக்கு வரும் பூச்சி வழுக்கி உள்ளே இருக்கும் நீரில் விழும். செடி அதைக் கரைத்துத் தின்னும். ஏழை மண்ணில் வளரும் செடி, தன் சாப்பாட்டைத் தானே தேடிக்கொள்கிறது.

அந்தக் கட்டில் சுமத்ரா தீவிலிருந்து வந்த ஒரு தாள். எவரோ ஒரு வெள்ளைக்காரர் சேகரித்தது. தாளின் மூலையில் ஒட்டிய சீட்டில், கோணல் எழுத்தில், மலைமுகடு, பாசிக் காடு, எப்போதும் மூடுபனி என்று எழுதியிருந்தார். ஏற்கெனவே தெரிந்த ஓர் இனத்தின் பெயரை அதற்கு யாரோ கொடுத்திருந்தார்கள். அந்தச் சொற்களைப் படித்தது முதல் எனக்கு அந்தத் தாளின் மேல் ஒரு கிறக்கம். நான் பிறந்தது கரிசல் காட்டுப் பக்கம். பனி என்றால் மார்கழியில் ஏழு மணிக்குள் கலைந்து போகிற ஒன்று. எப்போதும் பனி என்றால் எப்படி இருக்கும்? வரையும்போது என் முழங்கை ஈரமாக இருப்பதுபோலத் தோன்றி இரண்டு தடவை துடைத்துக்கொண்டேன்.

அந்தக் குடுவை தாளில் அப்பளம்போலத் தட்டையாக ஒட்டியிருந்தது. மூடியின் மேல்பக்கம் மட்டும் தெரிந்தது. ஆனால் மூடி லேசாகச் சரிந்திருந்ததால், அதன் அடியில், மூடி குடுவையோடு சேரும் இடத்துக்குப் பக்கத்தில், ஒரு சின்னப் பல் எட்டிப் பார்த்தது. எள்ளு அளவு இருக்கும். கண்ணாடிக் குழாய் வழியே பார்த்தேன். வளைந்திருந்தது. பென்சிலில் போட்டேன். மையிலும் போட்டேன்.

பிறகுதான் அந்த இனத்தின் பழைய படங்களை ஒப்பிட எடுத்தேன். வழக்கமாக முன்பே செய்ய வேண்டியது. நான்கு புத்தகங்கள், நான்கு படங்கள், எல்லாம் பெரிய பெரிய கைகள் வரைந்தவை. ஒன்றில்கூட அந்தப் பல் இல்லை. மூடி சுத்தமாக இருந்தது.

அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. அவர்கள் எல்லோரும் காணாததை நான் கண்டேன் என்று சொன்னால் சிரிப்பார்கள். அது அழுக்காக இருக்கலாம், ஒட்டிய பசையாக இருக்கலாம். புத்தகம் அந்த வாரம் அச்சுக்குப் போக வேண்டும். பிளேடை எடுத்தேன். பல்லைச் சுரண்டினேன். சுரண்டிய இடத்தை நகத்தால் தேய்த்து வழுவழுப்பாக்கி, மூடியின் விளிம்பை நேர்கோடாக இழுத்து முடித்தேன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

மத்தியானம் மேடம் வந்தார். அன்று செடியைப் பார்க்கவில்லை. நேரே படத்துக்கு வந்தார். எப்போதும் படாமல் போகிற சுண்டுவிரல் அன்று படத்தின் மேல் பட்டது. சுரண்டிய இடத்தில் நின்றது.

"இங்கன என்ன இருந்துச்சு?"

"மை சிந்திட்டு மேடம்."

விரலை எடுக்கவில்லை. "பாத்ததா, நெனைச்சதா?"

"பாத்தது."

படத்தைத் திருப்பி "சொ" போட்டார். போய்விட்டார்.

அதற்கப்புறம் எத்தனையோ செடிகள் வந்தன. புற்கள், ஆர்க்கிட்கள், பெரணிகள். மேடம் ஓய்வு பெற்று ஊருக்குப் போய்த் தம்பி குடும்பத்தோடு இருந்தார். பல வருடம் கழித்து நானும் ஓய்வு பெற்றேன். என் வீட்டுக்காரர் கோமதிநாயகம் பேருந்து நடத்துநராக இருந்தவர், அவரும் ஓய்வு. சங்கரன்கோவிலில் திருவேங்கடம் ரோட்டுப் பக்கம் வீடு கட்டி வந்துவிட்டோம். பின் தெருவில் விசைத்தறி நாள் முழுக்க ஓடும். அந்தச் சத்தத்தில் சுகமாகத் தூக்கம் வரும். அந்தக் குடுவையை நான் நினைக்கவே இல்லை என்று சொல்ல முடியாது. மூடுபனி, ஈரப் பாசி, எங்கோ மூடி திறந்த ஒரு வாய் என்று மத்தியானத் தூக்கத்தில் வந்து போகும். முகம் சரியாகத் தெரியாத தெரிந்தவர்போல.

ஒருநாள் அலுவலகத்திலிருந்து அனிதா கூப்பிட்டாள். நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்பு சேர்ந்த ஆய்வாளர், சேலத்துப் பெண். பழைய தாள்களை எல்லாம் அந்தப் புதுக் கேமராவால் படம் பிடித்து இணையத்தில் ஏற்றும் பொறுப்பு அவளுடையது.

"அக்கா, சுமத்ராவிலேர்ந்து வந்த ஒரு குடுவைச் செடி ஞாபகம் இருக்கா? நீங்க வரைஞ்சது."

"சொல்லு."

"தாளைப் படம் பிடிச்சுப் பெருசாக்கிப் பார்த்தேன். மூடிக்கு அடியில கொக்கி மாதிரி ஒண்ணு தெரியுது. ரோமம், பூக்காம்பு எல்லாமே அந்தப் பேருக்குப் பொருந்தல. இது வேற இனமோன்னு எனக்குச் சந்தேகம். சுமத்ராவுல இருக்கற ஒரு ஆய்வாளர்கிட்ட அனுப்பினேன். அவர் அந்த மலைக்குப் போயிருக்கார், ஆனா மூடியைத் தூக்கிப் பார்த்ததில்லை. அவர் என்ன சொல்றார் தெரியுமா? அது அழுக்குதான், உங்க புத்தகத்துலயே மைக்ரோஸ்கோப் வச்சு வரைஞ்ச படம் இருக்கே, அதுல மூடி சுத்தமா இருக்கேங்கறார்."

போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"உங்க படத்தை நம்பித்தான் எல்லாரும் இத்தனை வருஷம் அதைத் திரும்பப் பார்க்கலை போல. நீங்க பார்த்தப்ப அங்க ஒண்ணும் இல்லையா அக்கா?"

"ஞாபகம் இல்லம்மா" என்றேன்.

சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தேன். என் வீட்டுக்காரர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். தறி ஓடிக்கொண்டிருந்தது. ஒரு மணி நேரம் அப்படியே இருந்தேன். ஒரு செடி மலைமேல் தன் பாட்டுக்கு வளர்ந்து, பூத்து, பூச்சி பிடித்து வாழ்ந்துகொண்டிருக்கிறது. அதற்கு என் புள்ளிகளும் தெரியாது, பிளேடும் தெரியாது. ஆனால் அதைத் தேடி வந்த மனிதர்களை எல்லாம் என் ஒரு கோடு வாசலிலேயே திருப்பி அனுப்பியிருக்கிறது. இப்போது அனிதாவையும் அனுப்பப் போகிறது.

போனை எடுத்தேன். "அனிதா, நான் சொன்னது பொய். அங்க கொக்கி இருந்துச்சு. நான் பாத்தேன். வரைஞ்சேன். பெறவு பயந்துபோய் பிளேடால சுரண்டிட்டேன். அந்தப் படத்தோட அசல் அட்டை அலமாரியில இருக்கும். எடுத்து வெளிச்சத்துக்குச் சாய்ச்சுப் பாரு. மூடியோட விளிம்புல பேப்பர் சொரசொரன்னு இருக்கும்."

அனிதா மெதுவாகக் கேட்டாள்: "இதை ஒரு கடிதமா எழுதித் தருவீங்களா அக்கா? கட்டுரையில குறிப்பிடணும். உங்க பேர் வரும்."

"தாரேன். அதுக்கு முன்ன ஒருத்தங்ககிட்ட சொல்லணும்."

மறுநாள் வாசுதேவநல்லூர் புறப்பட்டேன். "பத்தே காலுக்கு ஒரு வண்டி இருக்கு. முன்னால உக்காராத, எஞ்சின் சூடு" என்றார் வீட்டுக்காரர். புளியங்குடி தாண்டியதும் மலை கிட்டே வந்தது. அதன் உச்சியில் ஒரு துண்டு மேகம் அசையாமல் நின்றது. சொல்ல வேண்டியதை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். ஒவ்வொரு தடவையும் வேறு மாதிரி வந்தது.

மேடம் வீட்டு முன்னால் களத்தில் நெல் காய்ந்துகொண்டிருந்தது. அதன் ஓரத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, குடை பிடித்தபடி, கோழி வராமல் காவலிருந்தார். தலை முழுக்க வெளுத்திருந்தது. பார்வையும் குரலும் அப்படியே இருந்தன.

"என்னட்டி, போன் பண்ணாம வந்து நிக்க?"

"நேர்ல சொல்லணும் மேடம்."

"சொல்லு. நெல்லுல மட்டும் கால வச்சிராத."

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கொக்கி, நான்கு புத்தகங்கள், பிளேடு, இப்போது அனிதா. அவர் என்னைப் பார்க்கவில்லை. ஒரு கோழி நெல்லை நோக்கி ஒவ்வொரு அடியாக வந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் முடித்ததும் அதை விரட்டினார்.

"மை சிந்திட்டுன்னு சொன்னியே."

"ஆமா மேடம். பொய்."

"பொய்ன்னு அப்பமே தெரியும்."

எனக்கு விளங்கவில்லை.

"மை சிந்துனா நீ புது அட்டை எடுத்து முதல்லருந்து வரைவ. ஏழு வருஷத்துல ஒரு தடவகூட நீ கறையச் சுரண்டுனது கெடையாது. சுரண்டியிருக்கன்னா, போட்ட ஒண்ணத்தான் எடுத்திருக்க. விரல வச்சதுமே தெரிஞ்சுட்டு."

"பெறவு ஏன் மேடம் கேக்கல?"

குடையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். "கேட்டா நீ சொல்லிருப்ப. சொன்னா நான் போயி அந்தத் தாளப் பாக்கணும். அங்கன ஏதும் இருந்தா அந்தச் செடிய முதல்லருந்து படிக்கணும். மாசக்கணக்குல ஆகும். புஸ்தகம் எப்ப எப்பன்னு மேல உள்ளவங்க தெனமும் போன் போட்டுக்கிட்டிருந்தாவ. எனக்கு அலுத்துப் போச்சு. ஒன் வாயால பாத்ததுன்னு சொல்ல வச்சிட்டுக் கையெழுத்தப் போட்டேன்."

இரண்டு பேரும் நெல்லைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"கடுதாசில ரெண்டு பேரு பேரும் வரணும்" என்றார். "சுரண்டுனது நீ. தெரிஞ்சும் பாக்காதது நான். ரெண்டையும் எழுது."

எனக்கு அழுகை வந்துவிட்டது.

"அங்கிட்டுத் தள்ளி நின்னு அழு. நெல்லு நனையப்போவுது" என்றார். பிறகு, "அந்தக் கொக்கிய நான் பாக்கணும். எப்பம் போறோம்?" என்று கேட்டார்.

ஒரு வாரத்தில் போனோம். ராஜபாளையம், மதுரை என்று வண்டி மாறி மாறி ஒரு பகல் முழுக்கப் பயணம். மேடம் சன்னலோரம் உட்கார்ந்து, சாலையோரத்து ஒவ்வொரு மரத்துக்கும் மனதுக்குள் பெயர் சொல்லிக்கொண்டு வந்தார் என்று நினைக்கிறேன். உதடு அசைந்துகொண்டிருந்தது.

தாளில் ஒட்டியிருந்த குடுவையைத் தொட அனுமதி இல்லை. அதே தாளின் ஓரத்துக் காகித உறைக்குள் உதிர்ந்த குடுவை ஒன்று இருந்தது. அதை நனைத்துப் பார்க்க அனிதா அனுமதி வாங்கி வைத்திருந்தாள். தட்டையான கண்ணாடிக் கிண்ணத்தில் சூடான தண்ணீர், அதில் ஒரு சொட்டு சோப்புத் திரவம். குடுவையை இடுக்கியால் எடுத்து மிதக்க விட்டாள்.

கால் மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. தண்ணீர் மட்டும் மெல்ல டீ நிறமானது. பிறகு ஓர் ஓரம் அசைந்தது. ஒட்டிக் கிடந்த இரண்டு சுவர்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகின. தண்ணீர் உள்ளே போனது. தட்டையாகக் கிடந்தது வயிறு பெற்றது, உதடு வட்டமானது, உதட்டின் வரிகள் ஒவ்வொன்றாக எழுந்து நின்றன. தூங்கி எழுகிற குழந்தைபோல அது கிண்ணத்துக்குள் ஒருமுறை புரண்டது. கடைசியாக அந்தக் குடுவையில் நீர் இருந்தது அந்த மலைமுகட்டில், மூடுபனிக்குள். நடுவில் போன வருடங்கள் எல்லாம் அந்த அறையில் இல்லாமல் போனதுபோல இருந்தது. மூன்று பேரும் மூச்சுவிடவும் தயங்கிக் குனிந்து நின்றோம்.

அனிதா ஊசி முனையால் மூடியைத் தூக்கினாள்.

கொக்கி இருந்தது. அரிவாள் நுனிபோல வளைந்து, அடியில் பருத்து, இரண்டு பக்கமும் சின்னச் சின்னச் சுரப்பிகளோடு. அழுக்கும் இல்லை, பசையும் இல்லை.

மேடம் நுண்ணோக்கியில் கண்ணை வைத்தவர் எடுக்கவே இல்லை. எத்தனை நேரம் என்று தெரியாது. பிறகு நிமிர்ந்து, அனிதாவிடம் பழைய அலுவலகக் குரலில், "மூன்று முறை அளந்து எழுதுங்கள்" என்றார்.

அந்தப் படங்கள் சுமத்ராவுக்குப் போயின. அந்த ஆய்வாளர் மறுபடி மலையேறினார். இரண்டு வாரம் கழித்து அவரிடமிருந்து ஒரே வரி வந்தது: முகட்டில் அவர் மூடியைத் தூக்கிப் பார்த்த ஒவ்வொரு குடுவையிலும் கொக்கி இருந்தது.

ஒரு புதிய இனத்தை விவரித்து எழுதுவதில் ஒரு வரிசை உண்டு. தண்டு, இலை, கொடி, தரையோரக் குடுவை, மேல் குடுவை, மூடி, பூ, காய். வினைச்சொல்லே வராது. எதுவும் நடக்காது. எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கும். சுமத்ராவிலிருந்து பதில் வருவதற்கு முன்பே, நாங்கள் அங்கே தங்கிய நான்கு நாளில், மேடம் கண்ணை மூடிக்கொண்டு சொல்லச் சொல்ல அனிதா எழுதினாள். மூடி என்ற பகுதி வந்தபோது மேடம் கொஞ்சம் நிறுத்தி, பிறகு கொக்கிக்கு மட்டும் நான்கு வரி சொன்னார்.

அதே நான்கு நாளில் நான் பென்சில் படத்தை முடித்தேன். தாளும் குடுவையும் அந்தக் கட்டடத்தைவிட்டு வெளியே போகக் கூடாது. ஆனால் பென்சில் படம் என்னுடையது. மை போடுவதை சங்கரன்கோவில் வீட்டில் வைத்துக்கொண்டேன். காற்றில் கரிசல் தூசி பறக்கும் மாதம். சன்னலைச் சாத்தி, காகிதம் அசையாமல் இருக்க விசிறியையும் நிறுத்தி, மணிக்கட்டுக்கு அடியில் துண்டு போட்டு உட்கார்ந்தேன். வீட்டுக்காரர் வாசலில் நாற்காலி போட்டு, வருகிறவர்களை எல்லாம் சைகையால் திருப்பி அனுப்பினார். கொக்கிக்குப் புள்ளி வைக்க ஒரு முற்பகல் ஆனது. வேர்வை கழுத்தில் ஓடியது. ஆனாலும் எனக்கு என்னவோ குளிர்ந்தது. ஒவ்வொரு புள்ளி வைக்கும்போதும் பனி கொஞ்சம் விலகி, செடி ஒரு அடி கிட்டே வந்ததுபோல இருந்தது.

பெயர் வைக்கும்போது அனிதா ஓர் ஆசை வைத்திருந்தாள். சொர்ணம் மேடத்தின் பெயரை வைக்கலாம் என்றாள். மேடம் போனிலேயே சிரித்தார்.

"மனுஷன் பேர வச்சா, படிக்கவன் மனுஷனப் பத்தித்தான் கேப்பான். கொக்கின்னு வை. பேரப் படிச்சவன் மூடியத் தூக்கிப் பாப்பாம்லா."

கொக்கியுடையது என்ற பொருளில் லத்தீனில் ஒரு பெயர் வைத்தார்கள். கட்டுரை வந்தது. என் படம் முதல் பக்கத்துக்கு அடுத்த பக்கத்தில். இணைப்பாக எங்கள் கடிதம் எட்டு வரி, கீழே இரண்டு பேர் பெயரும். என் வீட்டுக்காரர் அதைக் கண்ணாடி போட்டுப் படித்துவிட்டு, "இதெல்லாம் எழுதணுமா?" என்றார். எழுதணும் என்றேன். அவர் மேற்கொண்டு கேட்கவில்லை.

அடுத்த மழைக்காலத்தில் சுமத்ராவிலிருந்து ஒரு வீடியோ வந்தது. அனிதா எனக்கு அனுப்பினாள். உச்சி வெயில் நேரம், தெருவில் ஆள் நடமாட்டம் இல்லை. நானும் வீட்டுக்காரரும் சேர்ந்து போனில் பார்த்தோம். வெள்ளையாகப் பனி. அதற்குள்ளிருந்து குடுவை மெதுவாகத் தெளிந்தது. அதற்கு நிறம் இருந்தது! வெளிறிய பச்சை, உதட்டில் மட்டும் ரத்தச் சிவப்பு. இத்தனை காலமும் கறுப்பு மையில் மட்டுமே அதை எனக்குத் தெரியும்.

மூடிக்கு அடியில் ஒரு சின்ன ஈ, கொக்கியைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கியபடி தேன் நக்கியது. மேலே மழைத்துளி ஒன்று மூடியில் அடித்தது. மூடி அதிர்ந்தது. ஈ நேரே உள்ளே விழுந்தது. கொக்கி எதற்கென்று அதுவரை எங்கள் யாருக்கும் தெரியாது.

"இன்னொருக்கா போடு" என்றார் வீட்டுக்காரர்.

போட்டேன். மூன்றாவது தடவை ஓடும்போது கொக்கியை மட்டும் நிறுத்திப் பார்த்தேன். பிறகு அனிதாவைக் கூப்பிட்டேன்.

"என் படத்துல ஒரு தப்பு இருக்கு. நான் நுனிய இடது பக்கமாச் சாய்ச்சிருக்கேன். உயிரோட இருக்கதுல நேரா நிக்கு."

"காய்ஞ்சதுல சாய்ஞ்சிருக்கும் அக்கா. நீங்க பார்த்ததைத்தானே வரைஞ்சீங்க. அது தப்பே இல்லை."

"இருக்கட்டும்" என்றேன். "எழுதிக்கோ."